பர்மிட்டில் எழுதப்படாத அபாயம்

சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கலத்துக்குள் ஆள் இறங்கும் முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. உள்ளே ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எரிவாயுவோ ஹைட்ரஜன் சல்பைடோ எஞ்சியிருக்கக் கூடாது. கலத்துக்கு வரும் குழாய்களையெல்லாம் பிளைண்ட் போட்டு அடைத்திருக்க வேண்டும். மேன்ஹோல் வாயில் ஹோல்வாட்ச் என்னும் காவலாள் நிற்க வேண்டும். பர்மிட் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கையெழுத்து. இறங்குகிறவரின் ரத்தத்தில் இந்த நிமிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும் கட்டம் மட்டும் அதில் கிடையாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. மீதமுள்ள அந்த ஒருவர், இன்சுலின் ஊசியால் மட்டுமே உயிர்வாழும் முதல் வகை நீரிழிவுக்காரராக இருந்தால், அன்றைய வேலையின் பெரிய அபாயம் அந்தத் தாளில் எழுதப்படாமலே உள்ளே போகிறது.

அது ஏன் எழுதப்படுவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. விடையில் பாதி மருத்துவம் சார்ந்தது. மறுபாதி வேலை போய்விடுமோ என்ற பயம்.

நம் ஊரில் ‘சுகர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் அடங்கிவிடுகின்றன. நாற்பது வயதுக்கு மேல் பலருக்கு வருவதும், மாத்திரை, நடை, உணவுக் கட்டுப்பாடு என்று தொடங்குவதும் இரண்டாம் வகை. முதல் வகையில் உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அதன் பிறகு சொந்தமாக இன்சுலின் சுரக்காது. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ வரும் என்றாலும், எந்த வயதிலும் வரலாம். 1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை இந்த நோய்க்குப் பெயரே மரணம்தான். இன்று உலகில் இதனோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய 84 லட்சம் பேர் என்பது 2021-க்கான மதிப்பீடு. அவர்களும் மற்றவர்களைப் போலவே ஐ.டி.ஐ. படிக்கிறார்கள், டிப்ளமோ முடிக்கிறார்கள், வெல்டராகவும் ஃபிட்டராகவும் பிளான்ட் ஆபரேட்டராகவும் வேலைக்கு வருகிறார்கள். மணலியிலும் எண்ணூரிலும் கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும், கடல் தாண்டி ஜுபைலிலும் ருவைஸிலும் ராஸ் லஃபானிலும் தமிழ்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கிடையே இந்த நோய்க்காரர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

ஆலை மருத்துவ அறையில் இரண்டு வகைக்கும் ஒரே அறிவுரை கிடைப்பதைப் பலரும் சொல்லக் கேட்கலாம்: இனிப்பைக் குறை, எடையைக் குறை. முதல் வகைக்காரருக்கு இது பயன்படாது. சில நேரம் ஆபத்தும் கூட. இனிப்பு அவருக்கு மருந்தாகும் தருணங்கள் உண்டு.

லோ என்னும் தாழ்சர்க்கரை

நோயாளிகள் தாழ்சர்க்கரையை ‘லோ’ என்பார்கள். “லோ அடிக்குது”, “படபடன்னு வருது” என்பது அவர்கள் பேச்சு. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலை. 54-க்குக் கீழே போனால் மூளையின் வேலை தடுமாறத் தொடங்கும். இன்னொருவர் உதவியில்லாமல் மீள முடியாத நிலை வந்தால், அளவு எவ்வளவாக இருந்தாலும் அது கடும் தாழ்சர்க்கரை. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும். பிறகு பேச்சு குழறும், முடிவு தவறும், கோபம் வரும், கண் இருளும். 30 மீட்டர் உயரச் சாரத்தில் நிற்கிறவருக்கும், கிரேனின் நெம்புகோலைப் பிடித்திருப்பவருக்கும், அமிலக் குழாயின் ஃபிளாஞ்சைக் கழற்றுகிறவருக்கும் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த நோயின் சிகிச்சையிலேயே ஒரு முரண் இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவில் வெளியான டி.சி.சி.டி. ஆய்வு, சர்க்கரையை இயல்புக்கு அருகில் இறுக்கமாக வைத்திருந்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு பெரிதும் குறையும் என்று நிறுவியது. அதே ஆய்வில், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கடும் தாழ்சர்க்கரை ஏறக்குறைய மும்மடங்கு வந்தது. அன்றைய இன்சுலின்களும் கருவிகளும் இன்றைக்கு மேம்பட்டுவிட்டன. ஆனாலும் இழுபறி தீரவில்லை. இருபது ஆண்டு கழித்துக் கண் கெடாமல் இருக்க வேண்டுமானால் சர்க்கரையைக் குறைவாக வைக்க வேண்டும். இன்று மாலை சாரத்திலிருந்து விழாமல் இறங்க வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். அபாயகரமான வேலை செய்கிற ஒவ்வொரு முதல் வகை நோயாளியும் இந்தக் கணக்கை ஒவ்வொரு ஷிப்டிலும் தனியாகப் போடுகிறார்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அடிக்கடி லோ வந்தவருக்கு நடுக்கமும் படபடப்பும் மெல்ல மறைந்துவிடும். உடலின் எச்சரிக்கை மணி மழுங்கிவிடும். எந்த அறிகுறியும் தெரியாமல் நேரடியாகக் குழப்பத்துக்கும் மயக்கத்துக்கும் போய்விடுவார். பல ஆண்டுகளாக நோய் இருப்பவர்களிடம் இது மிகுதி. ஆறுதலான செய்தி, சில வாரங்கள் கவனமாக லோவே வராமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பெரும்பாலும் ஓரளவு திரும்பும். ஒருவரை உயரத்துக்கோ அடைபட்ட இடத்துக்கோ அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “லோ வந்தா உங்களுக்குத் தெரியுதா?” என்பதே. காலை வெறும் வயிற்றில் எடுத்த ஒரு சர்க்கரை அளவு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் சொல்லாது. அடிக்கடி மேலும் கீழும் போகிறவருக்கும் சராசரி அழகாகவே இருக்கும்.

ஆலைத் தளத்தில் லோவை அடையாளம் காண்பதும் எளிதல்ல. வியர்வை, தள்ளாட்டம், உளறல் என்ற மூன்றும் வெப்பத் தளர்ச்சியிலும் வரும், நச்சு வாயுவிலும் வரும், ஆக்சிஜன் குறைந்தாலும் வரும். குடித்திருக்கிறார் என்று கேட்டுக்கு வெளியே அனுப்பப்படுவதும் நடக்கும். வாயு அபாயம் உள்ள இடத்தில் ஒருவர் தள்ளாடினால் முதலில் வாயு என்றே கருத வேண்டும். உடனிருப்பவர் முகமூடியில்லாமல் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. இதில் மாற்றமில்லை. வெளியே கொண்டுவந்த பிறகு விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அதற்கான கருவி முதலுதவிப் பெட்டியில் இல்லாத ஆலை, ஸ்ட்ரெச்சர் இல்லாத ஆலைக்குச் சமம் என்பேன்.

லோவுக்கு மருந்து சர்க்கரை. 15 கிராம் அளவு வாயில் போட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் திரும்ப 15 கிராம். வீட்டுக் கணக்கில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் கொழுப்புக் கலந்தவை என்பதால் மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு உதவாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அந்நிலையில் குளுக்ககான் ஊசி, இல்லையென்றால் ஆலை மருத்துவ அறையில் ரத்தக் குழாய் வழியே டெக்ஸ்ட்ரோஸ். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சர்க்கரை அளவு இயல்புக்கு வந்த உடனே மூளை இயல்புக்கு வந்துவிடுவதில்லை. பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநருக்கு, லோ வந்து சரியான பிறகும் 45 நிமிடம் வண்டியைத் தொடக் கூடாது என்று விதி. சாரம் ஏறுகிறவருக்கும் அதே 45 நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். “சரியாயிடுச்சு, மேல போ” என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பும் மேற்பார்வையாளர் அந்த இடைவெளியில் ஆளை இழக்கக்கூடும்.

வேலை, வெயில், ஷிப்ட்

அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவரின் இன்சுலின் கணக்கு ஆலைத் தொழிலாளிக்குப் பொருந்தாது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் காலியான இருப்பை நிரப்ப இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பகலில் ரிக்கிங் வேலை பார்த்தவருக்கு நள்ளிரவில் தூக்கத்தில் லோ வரும். சில வேளை 24 மணி நேரம் வரைக்கும் அந்தப் பின்விளைவு நீடிக்கும். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் நாள்களில் தொடர்ந்து ஓவர்டைம் பார்க்கிறவருக்கு ஒரு நாளின் கடன் மறுநாளோடு சேர்ந்துகொள்கிறது. தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே ஏணி ஏறினால் அந்த இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். வெப்பமும் அப்படியே: தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் வேலை செய்யும். உலை அருகில், கொதிகலன் வீட்டில், கோடை உச்சியில், நேற்று சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பயந்து இன்சுலினைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ சர்க்கரை ஏறி, அடிக்கடி சிறுநீர் போய், உடல் வற்றும். வெயிலில் இந்த வற்றல் இரட்டிப்பாகும். கீட்டோன் சேர்ந்து, வாந்தியும் வயிற்று வலியும் வந்து, கீட்டோ அமிலத்தன்மையில் போய் முடியும். வெயிலில் மயங்கினார் என்று எழுதப்படும் சில நிகழ்வுகளுக்குப் பின்னால் இது இருக்கக்கூடும். சாப்பிடவே முடியாத நாளிலும் அடிப்படை இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது என்பது இந்த நோயின் மாறாத விதி. வெப்பத்துக்காக ஆலைகள் கொடுக்கும் பானங்களையும் கணக்கில் வைக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவன அளவுப்படி கலந்த ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.-இல் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர் கலந்த தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

இந்தச் சிக்கல்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. நிரந்தர ஊழியரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சாரத்தில் நிற்கலாம், ஒரே மருந்தில் இல்லை. நாளொன்றுக்கு ஒரு முறை அடிப்படை இன்சுலின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விரைவு இன்சுலின் என்ற முறை ஷிப்டுக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும். சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போகும். விலை மலிவு என்பதாலும் அரசு மருத்துவமனைகளில் எளிதில் கிடைப்பதாலும் பலரும் போட்டுக்கொள்வது 30/70 கலவை. காலையிலும் இரவிலும் இரண்டே ஊசி. அதைப் போட்ட பிறகு குறித்த நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும், உணவு தாமதமானால் லோ வரும் வாய்ப்பு மிகுதி. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரந்தோறும் மாறுகிறவருக்கும், பர்மிட் வரத் தாமதமாகி மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போகிறவருக்கும் இதைவிடப் பொருந்தாத மருந்து இல்லை. தோலில் ஒட்டித் தொடர்ந்து அளவு காட்டும் சென்சார்கள் லோவை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்ற வேண்டும். நாள் கூலியில் அது நடக்காது. மிக அபாயமான வேலைகளை ஒப்பந்தத் தொழிலாளிகள் செய்கிறார்கள், மிகப் பழைய மருந்தும் அவர்களுக்கே போய்ச் சேருகிறது. இந்தப் பொருளைப் பற்றிப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

மருந்தை எங்கே வைப்பது என்பதும் கேள்வி. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதை அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், வரம்பு 25 முதல் 30 டிகிரி. நம் கோடையில் நிழலே அதைத் தாண்டும். இதில் நம்பிக்கை தரும் ஓர் ஆய்வு உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தடாப் அகதி முகாம் வெப்பநிலையைப் போல 25 முதல் 37 டிகிரி வரை ஏறியிறங்கும் சூழலில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தன. வீரியம் குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2021-இல் வெளியிட்டன. ஆகவே குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைக்குள் வைப்பது வீண்போகாது. ஆனால் வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும், தளத்தில் கிடக்கும் இரும்பு டூல்பாக்ஸும் 37 டிகிரியில் நிற்பவை அல்ல. அங்கே மருந்து கெடும், கெட்டது கண்ணுக்கும் தெரியாது. கன்ட்ரோல் ரூமிலோ முதலுதவி அறையிலோ ஒரு சிறு குளிர்பெட்டியும் அதில் பெயர் எழுதிய ஒரு டப்பாவும் இருந்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

வளைகுடாவில் கோடை மதிய வேலைத் தடை இருக்கிறது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது. சவூதியிலும் அமீரகத்திலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலை ஒட்டி ஏறக்குறைய மூன்று மணி நேரம். உடலுக்கு நல்ல விதி. ஆனால் அதனால் வேலை விடியற்காலைக்கும் இரவுக்கும் நகர்கிறது, சாப்பாட்டு நேரமும் தூக்கமும் நகர்கின்றன. இன்சுலின் அளவை மருத்துவரோடு பேசி மாற்றாமல் அந்த மாதங்களில் நுழைவது சரியல்ல.

பாதங்களையும் கண்ணையும் பற்றிச் சுருக்கமாக. நரம்பு மரத்த காலுக்கு இரும்பு முனை சேஃப்டி ஷூ காவலனும் எதிரியும் ஆகும். விரல் பகுதி அகலமான ஷூ, தினம் மாற்றும் சாக்ஸ், ஷிப்ட் முடிந்ததும் பாதத்தைப் பார்க்கும் வழக்கம் ஆகிய மூன்றும் கட்டாயம். கண்ணில் விழித்திரை பாதிப்பு முற்றியவர் பாரம் தூக்கி முக்கக் கூடாது.

தீப்பொறி மண்டலத்தில் ஒரு சென்சார்

கருவிகள் வளர்ந்துவிட்டன, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஆலை கேட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அங்கே செல்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சென்சார் தோலில் இருக்கிறது, அது கத்தும் பேசி லாக்கரில் இருக்கிறது.

காரணம் நியாயமானது. எரியக்கூடிய ஆவி இருக்கும் இடங்களை மண்டலம் 0, 1, 2 என்று பிரிக்கிறார்கள். எப்போதும் அல்லது நீண்ட நேரம் ஆவி இருக்குமிடம் 0. இயல்பான இயக்கத்திலேயே வரக்கூடியது 1. அரிதாக, கொஞ்ச நேரம் மட்டும் வரக்கூடியது 2. இங்கெல்லாம் தீப்பொறி எழுப்பாத கருவி என்று சான்று பெற்றவை மட்டுமே நுழையலாம். இந்தியாவில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. சாதாரண செல்பேசிக்கோ, குளுக்கோமீட்டருக்கோ, இன்சுலின் பம்புக்கோ பொதுவாக அந்தச் சான்று கிடையாது.

இங்கே பல ஆலைகள் விதியைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுகின்றன. விதியைப் படித்தால் கதவு அவ்வளவு இறுக்கமாக இல்லை. ஐ.இ.சி. 60079-14 என்ற பன்னாட்டுத் தரநிலை, உடலில் அணியும் சிறு மின்னணுப் பொருள்களைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. சாதாரண மின்னணுக் கைக்கடிகாரத்தை அது ஏற்கிறது. மற்றவற்றுக்கு மூன்று வழி வைக்கிறது: சான்று பெற்றதாக இருக்க வேண்டும், அல்லது தனி இடர் மதிப்பீடு செய்ய வேண்டும், அல்லது பாதுகாப்பான பணி நடைமுறையின் கீழ் எடுத்துச்செல்ல வேண்டும். உயிர் காக்கும் ஒரு சென்சாருக்காக அந்த மதிப்பீட்டை ஒருமுறை உட்கார்ந்து எழுதுவது பாதுகாப்பு அதிகாரியின் வேலை. மண்டலம் 1-க்கும் 2-க்கும் சான்று பெற்ற செல்பேசிகள் சந்தையில் உண்டு. சென்சாரின் செயலி அந்தப் பேசியில் ஓடுமா என்பதை மட்டும் வாங்கும் முன் சரிபார்க்க வேண்டும், செயலிகள் குறிப்பிட்ட மாடல்களில்தான் இயங்கும்.

சென்சாரை முழுக்க நம்பவும் கூடாது. அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடி நீர்மத்தை. ரத்தத்தில் நடப்பதைச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். வேகமாக இறங்கும்போது அந்தப் பின்தங்கல் கூடும். வியர்வையில் ஒட்டு கழன்றுவிடும். குறுகிய மேன்ஹோலில் உடலை நுழைக்கும்போது இடித்துப் பிய்ந்துவிடும். பம்பு போட்டிருப்பவருக்குக் குழாய் மாட்டி இழுபட்டு, மருந்து நின்று, சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும். ரேடியோகிராபி எடுக்கும் இடத்துக்கும் அலுமினிய உருக்காலையின் வலுவான காந்தப் புலத்துக்கும் இக்கருவிகளோடு போவதற்கு முன் தயாரிப்பாளரின் எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். எந்த நவீனக் கருவி இருந்தாலும், அபாய எல்லைக்கு வெளியே நின்று, ரசாயனமோ சர்க்கரைத் துகளோ இல்லாமல் கையைக் கழுவி, விரலில் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே போவதுதான் இன்றும் உறுதியான முறை. விளையாட்டு வீரர்களுக்கான மருத்துவ வழிகாட்டல், நீண்ட உடலுழைப்பைத் தொடங்கும்போது 126 முதல் 180 வரை இருப்பது நல்லது என்கிறது. மூச்சுக் கருவியோ ரசாயன உடையோ மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வாயில் எதையும் போட முடியாத வேலைக்கு அந்த அளவின் மேல்முனையே பாதுகாப்பு.

வெளிநாடுகள் கடந்து வந்த பாதை

பல நாடுகளில் தொடக்கத்தில் ஒரே விதிதான் இருந்தது: இன்சுலின் போட்டால் வேலை இல்லை. அது மெல்ல உடைந்திருக்கிறது, உடைத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளே.

அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே லாரி ஓட்டுவதற்கு இன்சுலின் போடுபவர்களுக்குப் பல பத்தாண்டுகள் இருந்த தடை 2018-இல் நீங்கியது. மூன்று மாதச் சர்க்கரைப் பதிவுகளைக் காட்ட வேண்டும், சிகிச்சை தரும் மருத்துவர் எழுதித் தர வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விழித்திரை பாதிப்பு முற்றியிருந்தால் அனுமதி இல்லை. பிரிட்டனில் லாரி, பேருந்து ஓட்ட 2011-இல் வழி திறந்தது. 2012-இல் பயணிகள் விமானமே ஓட்டலாம் என்று அந்நாட்டு விமானத் துறை முடிவெடுத்தது. அவர்கள் வகுத்த முறை ஆலைகளுக்கு அப்படியே உதவும். பறக்கும் முன் சோதனை, பறக்கும்போது மணிக்கு ஒரு முறை, இறங்கும் முன் ஒரு முறை. 90 முதல் 270 வரை பச்சை. அதற்கு வெளியே மஞ்சள், ஏதாவது செய்ய வேண்டும். 72-க்குக் கீழோ 360-க்கு மேலோ போனால் சிவப்பு, கட்டுப்பாட்டை உடனிருக்கும் விமானியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது கடைசி வரி. ஒப்படைப்பது தோல்வியாக எழுதப்படவில்லை, நடைமுறையாக எழுதப்பட்டிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் (ஐ.எல்.ஓ.) பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் (ஐ.எம்.ஓ.) கடலோடிகளுக்கு வகுத்த வழிகாட்டுதல் இன்னும் எச்சரிக்கையானது: நல்ல கட்டுப்பாடும் லோவை உணரும் திறனும் இருந்தால் கரைக்கு அருகிலான பணி, தனியாகக் காவல் நிற்கும் பொறுப்பு கிடையாது.

சட்டத்தின் மையக் கேள்வியை எழுப்பிய வழக்கு நீரிழிவைப் பற்றியதல்ல, ஆனால் நடந்த இடம் ஆலை. கலிபோர்னியாவின் எல் செகுண்டோ செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்ததாரர்களிடம் 1972 முதல் வேலை பார்த்த மாரியோ எச்சசாபால் நேரடி வேலைக்கு விண்ணப்பித்தார். கல்லீரல் நோய் இருப்பதால் அங்குள்ள ரசாயனங்கள் அவர் உயிருக்கே ஆபத்து என்று மறுக்கப்பட்டது. 1996-இல் ஒப்பந்த வேலையும் போயிற்று. தன் உயிருக்கு ஆபத்து என்பது தன் முடிவல்லவா என்று அவர் கேட்டார். 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் சொந்த உயிருக்கான ஆபத்தையும் காரணமாகக் காட்டி நிறுவனம் மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது: அந்த மனிதரைத் தனியாக ஆராய்ந்து, அண்மைய மருத்துவ அறிவின் அடிப்படையில் முடிவெடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்தார்களா என்ற கேள்வியில் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. நான்காண்டுகள் கழித்து, ஒரே ஒரு சிறுநீர்ச் சோதனையை வைத்து ‘கட்டுப்பாடற்ற நீரிழிவு’ என்று டெக்சாஸ் உணவு ஆலையொன்று தள்ளிய ரோட்ரிகஸ் என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொழிலாளியின் பக்கம் நின்றது. நோயின் பெயரைப் பார்க்காதே, நோயாளியைப் பார் என்பதே இவற்றின் சாரம்.

நம் நாட்டில்

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. வேலையில் அமர்த்தும் முன்னும், பிறகு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும் என்று அதன் 41-சி பிரிவு சொன்னது. தொழிலாளியைக் காக்க வந்த சோதனை இது. நடைமுறையில் அதைத் தொழிலாளி தன்னை வடிகட்டும் சல்லடையாகவே பார்க்கிறார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோபிலியாவும் தலசீமியாவும் அதில் உண்டு, முதல் வகை நீரிழிவு இல்லை. ஆகவே ‘எனக்கு ஏற்ற வசதி செய்து கொடு’ என்று கேட்க அந்தச் சட்டத்தின் துணை நேரடியாகக் கிடைப்பதில்லை. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். ஆனால் அது நோயைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுக்கும் அமைப்பு, இரண்டாம் வகையை மனத்தில் வைத்து எழுந்தது. ஆலைத் தளத்தில் ஊசி போடும் இளைஞரின் நாளை அது தொடுவதில்லை.

இதன் விளைவு மறைத்தல். “சொன்னா மெடிக்கல்ல தூக்கிடுவாங்க தம்பி, வாயைத் திறக்காதே” என்று சீனியர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர் ஊரில் நடக்கும் தகுதிச் சோதனையை நினைத்துப் பயப்படுகிறார். மறைப்பவர் கழிப்பறையில் ஊசி போடுகிறார். லோ வந்தால் தெரிந்துவிடுமே என்று சர்க்கரையை எப்போதும் 250-க்கு மேல் வைத்துக்கொள்கிறார், பத்தாண்டில் கண்ணும் சிறுநீரகமும் பறிபோகின்றன. இல்லையென்றால் லோ வந்தும் சொல்லாமல் சமாளிக்கிறார். ஹோல்வாட்சுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கும் வெல்டருக்குத் தெரியாது, மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எவருக்கும் தெரியாது. முழுத் தடை விதிக்கும் ஆலை இன்சுலின் போடுபவரே இல்லாத ஆலையாக மாறிவிடுவதில்லை. இன்சுலின் போடுபவர் யார் என்று தெரியாத ஆலையாக மாறுகிறது. என் பார்வையில் இதுவே இந்தப் பொருளின் மிகப் பெரிய அபாயம்.

எல்லா வேலையும் எல்லாருக்கும் உகந்தது என்று நான் சொல்ல வரவில்லை. லோவை உணர முடியாதவர், கடந்த ஓராண்டில் பிறர் உதவி தேவைப்பட்ட அளவு லோ வந்தவர், புதிதாக நோய் கண்டு இன்சுலின் அளவு இன்னும் நிலைப்படாதவர் ஆகியோர் உயரத்திலும் கலத்துக்குள்ளும் தனித்த பணியிலும் இருக்கக் கூடாது. அவர்கள் மீட்புக் குழுவிலும் வேண்டாம். ஆனால் இது நிரந்தர முத்திரையாக இருக்கக் கூடாது. ஆறு மாதத்தில் உணர்வு திரும்பினால் வேலையும் திரும்ப வேண்டும். அதுவரை சம்பளம் குறையாத மாற்று வேலை தர வேண்டும். சம்பளம் குறையும் என்றால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் மற்ற எந்த விதியும் வேலை செய்யாது என்பது என் உறுதியான கருத்து.

மற்றவை சிறிய செலவுகள். ‘தளத்தில் தின்பண்டம் கூடாது’ என்ற விதியிலிருந்து, மூடிய உறையில் இருக்கும் குளுக்கோஸுக்கு எழுத்துப்பூர்வ விலக்கு. கையுறையோடு, ஹார்னஸ் மாட்டிய நிலையில், ஒரு கையால் எடுக்க முடிகிற பையில் அது இருக்க வேண்டும். தொழிலாளி சம்மதித்தால், உடன் வேலை செய்யும் இருவருக்கு மட்டும் விவரம் சொல்லி, லோ வந்தால் செய்ய வேண்டியதைக் கற்பிக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அன்றே சொல்லியிருந்தது, அதை ஷட்டவுன் நாளிலும் மதித்தாலே பாதி லோக்கள் வராது. அரசு மருத்துவமனைகளும் இ.எஸ்.ஐ.யும், அபாயகரமான பணியில் இருக்கும் முதல் வகை நோயாளிகளுக்குக் கலவை இன்சுலினுக்குப் பதில் அடிப்படை, விரைவு இன்சுலின்களையும், முடிந்தால் சென்சாரையும் முன்னுரிமையில் தர வேண்டும். அது சலுகை அல்ல, தலைக்கவசம் போல வேலைக்கான பாதுகாப்புச் சாதனம்.

பாதுகாப்பு அதிகாரிகளே, நாளைக் காலை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்: “இன்சுலின் போடுறவங்க இருந்தா தனியா வந்து சொல்லுங்க, வேலை போகாது, நான் பொறுப்பு.” சொன்ன பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். இன்சுலின் போடும் தோழர்களே, அந்தச் சொல் கிடைக்கும் வரை குறைந்தது பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரிடமாவது உங்கள் சர்க்கரைப் பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.